ஜம்போவைக் கட்டிய மஞ்சள் கயிறு

நாண்டி விமான நிலையத்தில், வயிறு நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, ஓடுவதற்கு முறுக்கிக்கொண்டு நின்ற ஜம்போ விமானத்தை ஒரு முழ மஞ்சள் கயிற்றால் கட்டி நிறுத்தியவர் பல்ராம் மாஸ்டர். அதுகூட முழுசாக ஒரு முழம் இல்லை. முடிச்சுக்குப் போனது போக அரை முழம் தேறினால் அதிகம்.

யாரும் நம்பவில்லை. நம்பவும் மாட்டார்கள். ஊருக்குப் பக்கத்துப் பினாங்கு சர்க்கரை ஆலையின் சங்கே தன் தும்மலைக் கேட்டுத்தான் நேரம் திருத்திக்கொள்கிறது என்று சொன்னவர் அவர். புயல் அடித்த வருஷம் பள்ளிக்கூடத்துக் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கரும்பலகையில் எழுதினதாகவும் சொல்லியிருக்கிறார். ராக்கிராக்கி கடைத்தெருவில் அவர் வாயைத் திறந்தாலே ஜனங்கள் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் விஷயம் என்னவென்று கேட்பார்கள். இருந்தாலும் இந்த விமானக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஊரில் பாதிப் பேர் பாதி நம்பிக்கைக்கு வந்துவிட்டார்கள். அடியோடு மறுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான், கணக்கு ஆசிரியர் யோகேந்திரா. விமானத்தைக் கட்டிய கயிறு இருந்தது அவருடைய மணிக்கட்டில்.

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் தீவின் தலைநகர் சூவாவில், இந்தியர்கள் ஆதரித்த ஆட்சியைக் கவிழ்க்க ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்தது. அன்றிலிருந்து பல்ராம் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியில் ஆசிரியர்கள் மழையில் வைத்த சர்க்கரை மூட்டை மாதிரி கரைய ஆரம்பித்தார்கள். ஆங்கில ஆசிரியர் வான்கூவருக்குப் போனார். இயற்பியல் ஆசிரியர் ஆக்லாந்தில் மச்சினி கல்யாணம் என்று இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கல்யாணம் இன்றுவரை முடியவில்லை. பூகோள ஆசிரியர் ஒருவர்தான் நேர்மையாகப் பேசினார். இத்தனை வருஷம் குச்சியால் தொட்டுக் காட்டின இடங்களை ஒருமுறை காலால் தொட்டுப் பார்க்கப் போகிறேன் என்றார்.

போனவர்களின் வகுப்பையெல்லாம் பல்ராம் எடுத்துக்கொண்டார். ஒரே மணியில் மூன்று வகுப்பு நடத்தினாராம்: ஓர் அறையில் அவர் குரல், அடுத்ததில் அவர் எழுத்து, மூன்றாவதில் அவர் வந்துவிடுவாரோ என்கிற பயம். இயற்பியலில் பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டே ஓடினார். அவர் மகள் அஞ்சீதாவும் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில்தான் இருந்தாள். அவள் வேகமாகப் படிக்கிறவள். சில நாள் அப்பாவைத் தாண்டிப் போய், திருப்பத்தில் காத்துக்கொண்டு நிற்பாள். கணக்கு மட்டும் அவருக்குக் கைவரவில்லை. அவர் வரைந்தால் முக்கோணத்துக்கும் நாலாவது மூலை முளைத்துவிடும்.

கணக்கு யோகேந்திராவுடைய ராஜ்யம். பாடத்தைச் சொல்லிக் கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து, வருஷக் கடைசியில் பரீட்சை வைக்கிற வழக்கத்தைத் தூக்கிப் போட்டவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் அந்த வாரம் செய்த தப்புகளைக் கொண்டுவர வேண்டும். இருப்பதிலேயே அழகான தப்புக்கு ஒரு மாம்பழம் பரிசு. எந்த இடத்தில் எதை நம்பி வழுக்கினாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அழுத பிள்ளைகள் பிறகு தப்புக்குப் போட்டி போட்டன. சதேந்திரா என்கிற பையன் மட்டுமே ஒரு மரத்துப் பழத்தைத் தின்று தீர்த்தான்.

அந்தக் காலத்தில் ஆறாம் பாரப் பரீட்சைக்கு வினாத்தாள் நியூசிலாந்திலிருந்து வரும். ஒருத்தன் பனிச்சறுக்கு மலையில் இறங்குகிறான், வேகம் என்ன என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் பழக்கடை ஜூஸில் மிதப்பது. யோகேந்திரா அந்த மனுஷனைப் பனியிலிருந்து தூக்கி, பிரேக் அறுந்த கரும்பு ரயிலில் உட்காரவைத்தார். உடனே எல்லோருக்கும் விடை வந்தது. அந்தப் பரீட்சையில் தேறினால் சூவாவில் பல்கலைக்கழகம் அல்லது கடல் தாண்டிப் படிப்பு. தேறாவிட்டால் கரும்பு. அந்தக் கரும்பு நிலமும் குத்தகை. எப்போது எழுந்து போ என்பார்களோ தெரியாது. நவம்பர்வரை யோகேந்திரா நின்றால் முப்பது பிள்ளைகளும் கரையேறிவிடும் என்று பல்ராம் நம்பினார். அதைத் தவிர அந்த வருஷம் நம்புவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

ஆகஸ்டில் யோகேந்திராவுக்கு சிட்னி விசா வந்துவிட்டது. செப்டம்பர் நடுவில் விமானம்.

பல்ராம் அவர் வீட்டுக்குப் போய் வேண்டாத வேண்டுதல் இல்லை. இன்னும் இரண்டே மாதம், பரீட்சை முடிந்த மறுநாள் நானே தோளில் தூக்கிக்கொண்டு போய் சிட்னியில் இறக்கிவிடுகிறேன் என்றார். யோகேந்திரா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது அவர் மனைவி சரோஜ். அந்த மாதம் இரண்டு தடவை அவர்கள் வீட்டுத் தகரக் கூரையில் கல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய சின்னப் பையன் விகாஷ் கட்டிலுக்குக் கீழேதான் தூங்கினான்.

"மாஸ்டர், ஓங்க பேச்சக் கேட்டு நாங்க இருந்துட்டோம்னு வைங்க. நாளைக்கு இன்னொரு கல்லு விழுந்தா ஓங்க பேச்சு வந்து தாங்குமா?"

தாங்கும் என்று சொல்லக்கூடிய மனுஷன்தான் பல்ராம். அன்றைக்குச் சொல்லாமல் எழுந்து வந்தார்.

அவர்கள் கிளம்புகிற வாரம்தான் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்களுக்கு மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் தீயில் இறங்கி ஏறும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அது தெரியாமல் தாண்டினவனுக்குக் கால் வீங்கியது, தெரிந்தே தாண்டினவனுக்கு லாரி கவிழ்ந்தது என்று ஆளுக்கு ஒரு சாட்சி வைத்திருப்பார்கள். பிரயாணம் நல்லபடி நடக்க ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போகலாம் என்று சரோஜ் புருஷனை அங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். யோகேந்திராவுக்கு சாமி நம்பிக்கை கிடையாது. நிரூபித்தால் கும்பிடுகிறேன் என்று சொல்கிற ஜாதி.

சரோஜ் தேங்காய் உடைக்கப் போன நேரத்தில் பல்ராம் பூசாரி கோவிந்தசாமியின் காதருகே போனார். பூசாரி பயந்துவிட்டார். ஆளைக் கேட்காமல் காப்புக் கட்டலாமா?

"ஆத்தாவக் கேட்டுக் கட்டும். அவ வேணாம்னா விட்டுடும்."

பூசாரி திரும்பி அம்மனைப் பார்த்தார். அம்மன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. கயிறு ஏறிவிட்டது. இது என்ன என்று யோகேந்திரா கேட்டதற்கு, வழித்துணை என்றார் பல்ராம். யோகேந்திரா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முழுக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

கயிறு கட்டியதோடு தன் வேலை முடிந்துபோனதாகவும், மிச்சத்தை ஊர் எல்லையில் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றும் பல்ராம் நிம்மதியாக இருந்தார். ஆத்தா பார்க்கவில்லை. குறித்த நாளில் யோகேந்திராவின் குடும்பம் டாக்சி ஏறி, எல்லையைத் தாண்டி, நாண்டி போய்ச் சேர்ந்தது. வழியனுப்பப் போன பல்ராம், விமான நிலையத்து மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாடியில் அன்று அழாதவர்கள் சுவர்கள் மட்டும்தான். கீழே கதவு சாத்தியாயிற்று, படிக்கட்டை விலக்கியாயிற்று. பல்ராம் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்.

உள்ளே நடந்ததைச் சரோஜ் பிற்பாடு வேண்டா வெறுப்பாகச் சொன்னாள். விமானத்தில் பாதி நம் ஜனங்கள்தான். யோகேந்திராவுக்குப் பக்கத்து இருக்கையில் கோவிந்தம்மா. ராக்கிராக்கி பஸ் நிலையத்தில் ரொட்டி விற்றவள், பிள்ளைகளிடம் போகிறாள், விமானம் அவளுக்குப் புதுசு. அவளுக்குப் பெல்ட் மாட்டிவிட யோகேந்திரா கையை நீட்டினார். அவள் பெல்ட்டை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் மாஸ்டரு, இது காப்புல்ல? தீ மிதிக்காம சமுத்திரத்தத் தாண்டுறியா நீ? நீ மட்டுமா தாண்டுறே, எங்களையும்ல சேத்துக்கிட்டுத் தாண்டுறே."

யோகேந்திரா, இது வெறும் நூல், வேண்டுமானால் அறுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். மிதிக்காமல் அறுப்பது தாண்டுவதைவிடப் பெரிய குற்றம். முன் வரிசையிலிருந்து வால் வரை செய்தி பரவியது. ஒருத்தர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், மேலே வைத்த பைகளை எடுத்துக்கொண்டு நடைபாதையில் வரிசை கட்டிவிட்டார்கள். இவன் இறங்கணும், இல்லாவிட்டால் நாங்கள் இறங்குகிறோம். பணிப்பெண் ஓடினாள், கேப்டன் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டவரிடம், இந்த ஆள் நெருப்பு பாக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான், அது கட்டாயம் பின்னாலேயே வரும் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி விளக்கினாள் கோவிந்தம்மா. விமானத்தில் நெருப்பு என்ற வார்த்தையைக் கேட்டபிறகு எந்தக் கேப்டன் கிளப்புவார்? அப்புறம் யோகேந்திரா குடும்பத்தின் பெட்டிகளை விமானத்தின் அடி வயிற்றிலிருந்து தேடி எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

பஸ் படியில் ஒரு காலை வைத்த பல்ராமுக்கு மேலே மாடியில் கூச்சல் கேட்டது. திரும்ப ஓடினார். படிக்கட்டு விமானத்தோடு மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. யோகேந்திரா இறங்கினார், பின்னால் சரோஜ், அவள் தோளில் விகாஷ். கயிறு நிறுத்திவிட்டது. பல்ராம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார், தொப்பியைக் கழற்றி ஆட்டினார். சரோஜ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தொப்பி அந்தரத்தில் அப்படியே நின்றது. அதைத் திரும்பத் தலையில் வைக்க அவருக்குக் கை வரவில்லை.

யோகேந்திரா தீ மிதித்தார். கங்கின் சூடு எவ்வளவு, பாதம் எவ்வளவு நேரம் தொடும் என்று கணக்குப் போட்டு, பயமில்லை என்று தனக்குத் தானே நிரூபித்துவிட்டு இறங்கினார். ஆனாலும் கடைசி மூன்று எட்டு ஓட்டம்தான். காப்பு கழன்றது. ஆனால் போக இடம் கிடைக்கவில்லை. நாடே வெளியேறிக்கொண்டிருந்த நேரம்; அடுத்த இருக்கை நவம்பர் கடைசியில்தான் என்று சொல்லிவிட்டார்கள். யோகேந்திரா சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். விமானம் ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்டதற்கு, எஞ்ஜின் கோளாறு என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அன்றிலிருந்து அதே வார்த்தைதான். பூனையைப் புலியாக்கிச் சொல்கிற பல்ராம், வாழ்க்கையில் ஒரு தடவை புலியையே பார்த்துவிட்டு வந்து சொன்னால், பக்கத்தில் நின்றவர் அது பூனைதான் என்கிறார்.

இறங்கின பத்தாம் நாளோ என்னவோ, ராணுவம் இரண்டாவது தடவையாக ஆட்சியைப் பிடித்தது. ஊரடங்கு வந்தது. கூட்டம் கூடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. ஒரு சனிக்கிழமை யோகேந்திரா கோயில் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வரும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். கையில் சுருட்டி வைத்திருந்த தாளில் எக்ஸும் ஒய்யும் அம்புக்குறியுமாக இருந்தது. இது யாருக்கு அனுப்புகிற சங்கேதம் என்று கேட்டார்கள். அல்ஜீப்ரா என்று சொன்னார். அது யார் என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஊரார் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவரை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேதி கேட்டு ஓடிய பல்ராமை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர் சரோஜ் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விகாஷ் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வர மறுத்தான். சரோஜ் டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சொன்னாள்.

"இன்னிக்கி நாங்க சிட்னியில இருந்திருக்கணும், மாஸ்டர். நீங்க கட்டுன கயிறு."

அவளுக்குத் தெரிந்திருந்தது. பூசாரி சொல்லியிருப்பார். பல்ராமுக்கு எத்தனையோ பதில் வாய் வரைக்கும் வந்தது. எல்லாமே அளவுக்குப் பெரிதாக இருந்தது. டீ ஆறிப்போனது.

மத்தியானம் யோகேந்திரா நடந்து வந்தார். இடுப்புவரை சேறு காய்ந்திருந்தது. சாக்கடைத் தண்ணீரில் நிற்கவைத்தார்கள் என்பதற்கு மேல் அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து பல்ராமுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். என்னைய ஏரோப்ளேன் ஏறவிடாமப் புடிச்சு வெச்சீங்க. எதுக்கு? முப்பது பிள்ளைங்க ஏரோப்ளேன் ஏறுறதுக்கு. அவங்களும் போனப்புறம் யாரப் புடிச்சு வெப்பீங்க?"

பல்ராம் மாஸ்டர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

திங்கட்கிழமை யோகேந்திரா வகுப்புக்குப் போய், தன்னைப் பிடித்துக் கொடுத்த அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். வகுப்பு எழுந்து நின்றது. அவர் திரும்பாமலே, உட்காருங்க, எக்ஸ் எவ்வளவு, என்றார். பரீட்சை வந்தது. வினாத்தாளில் பனிச்சறுக்கு மனுஷன் இருந்தான். முப்பது பேரும் அவனைக் கரும்பு ரயிலில் ஏற்றினார்கள். நவம்பர் கடைசியில் யோகேந்திரா பறந்துபோனார். இந்த முறை விமானம் நிற்கவில்லை. ஜனவரியில் முடிவு வந்தபோது முப்பது பேரும் கணக்கில் தேறியிருந்தார்கள். சதேந்திரா ஒரு மயிரிழையில். ஆனாலும் தேர்ச்சி தேர்ச்சிதான். அந்தக் கூச்சலில் பினாங்கு ஆலையின் புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்ததைப் பல்ராம் கண்ணால் கண்டார்.

அதற்கப்புறம் நாண்டி விமான நிலையத்து மாடிக் கம்பியில் அவர் கை பட்ட இடம் தேய்ந்துபோகும் அளவுக்கு வழியனுப்பினார். ஒவ்வொருத்தராகப் போனார்கள். படிக்கப் போனவர்கள் படித்தார்கள், திரும்பவில்லை. அஞ்சீதாவும் போனாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் மிஞ்சின. யோகேந்திரா கேட்ட கேள்வி மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் அவரோடேயே இருந்தது. அதை விரட்டத்தான் அவர் விமானக் கதையை இன்னும் சத்தமாகச் சொல்லித் திரிந்தார்.

இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சி கவிழ்ந்தது. குத்தகை முடிந்து கரும்பு நிலமும் போனது. அஞ்சீதா அப்பாவைச் சிட்னிக்கு அழைத்துக்கொண்டாள். அவர் வந்த வாரம் அவள் வீட்டுக் கார் ஷெட்டில் பழைய மாணவர்கள் கூடினார்கள். நடுவில் மரத் தொட்டி, அதில் வேரை இடித்துக் கரைத்த நங்கோனா பானம். சரோஜ் சிரட்டையால் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர், என்ஜினீயர், பாங்க் அதிகாரி, பஸ் கம்பெனி வைத்த சதேந்திரா என்று வட்டமாக உட்கார்ந்து, மாஸ்டர், ஜம்போவைக் கட்டின கதை என்று கேட்டார்கள். ஓரத்தில் யோகேந்திரா, தலை முழுக்க வெளுத்துப்போய், எப்போதும்போல எஞ்ஜின் கோளாறு என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பல்ராம் ஆரம்பித்தார். கயிறு வந்தது, கோவிந்தம்மா வந்தாள், கேப்டன் வந்தார். படிக்கட்டில் இறங்கிய சரோஜிடம் வந்ததும் நின்றுவிட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோருமே இங்கே இருந்தார்கள். அங்கே யாரும் இல்லை.

"எஞ்ஜினாத்தான் இருந்திருக்கும்," என்றார். "யாருக்குத் தெரியும். வயசாயிருச்சு, என்னமோ சொல்றேன்."

ஷெட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. பல்ராம் மாஸ்டர் ஒரு கதையைப் பாதியில் கீழே வைத்து அவர்கள் கண்டதில்லை. சதேந்திரா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"இல்ல," என்றார் யோகேந்திரா.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்கப்பா வருஷா வருஷம் தீ மிதிச்சவர். வழித்துணைக் கயிறு எது, காப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? கோயில்லயே தெரியும். வீட்டுக்குப் போயி அறுத்துருக்கலாம். இவங்க பரீட்சை பாக்கி இருந்துச்சு, அறுக்கல. அந்த ப்ளேன்ல உக்காந்து, சட்டைக் கைய மடிச்சு விட்டதும் நான்தான். கோவிந்தம்மா பக்கத்துல உக்காந்தப்புறம்."

சரோஜின் சிரட்டை தொட்டிக்கு மேலே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு பல்ராமைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தவறான ஆள்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாத முகம். கையிலிருந்த சிரட்டையை நிரப்பி, முறை யாருடையது என்று பார்க்காமல், பல்ராமிடம் நீட்டினாள்.

யோகேந்திரா மாணவர்களைப் பார்த்தார், முன்பு தப்பான விடைக்கு எழுந்து நின்று காரணம் சொன்னவர்களைப் பார்த்தது போல.

"எஞ்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. கயிறுதான் நிறுத்துச்சு. இந்த மனுஷன் சொல்றது நடந்தது."